விதைநெல்லுக்கும் விலையா?

பட்டினி கிடந்தாலும் கமக்காரன் விதைநெல்லில் கை வைக்கமாட்டான். நாளைய விளைச்சல் அதனுள் இருக்கிறது என்பதை அவன் அறிவான். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் காப்புறுதிக் கம்பனிகளோ இவ்வுண்மையை அறிய மறுக்கின்றன!

புற்றுநோயை அழிக்கும் சைக்குளோபொஸ்பமைட் போன்ற மருந்துகள் பெண்ணின் சூலகத்தையும் ஆணின் விந்தையும் தாக்க வல்லவை. உயிர் தப்பிய இளம்பெண் தாய்மைப் பேற்றை இழக்க நேரிடலாம். இதற்கு வழி உண்டு. சிகிச்சைக்கு முன், ஏறக்குறைய இரண்டு வாரங்களில், அவளது சூல்முட்டைகளை எடுத்து உறைநிலையில் பேணலாம். ஆணின் விந்தைப் பேணுவது இன்னும் எளிது. இதனை நோயாளருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று அந்நாட்டுப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2006இலேயே வழிகாட்டியது. எடுத்துரைத்தால் மட்டும் போதுமா? சூல்முட்டைகளைப் பேணப் பல்லாயிரம் டொலர் வேண்டுமே!

பன்னிரண்டு மாதம் முயன்றும் கருத்தரியாதவருக்கே பணம், இவள் இன்னும் அந்நிலையை அடையவில்லை என்பது கம்பனிகள் எழுப்பும் தடை. வீடு எரிந்து முடிந்தபின் வா, தண்ணீர் தருகிறோம் என்பதற்கும் இதற்கும் பேதம் என்ன?

சட்டத்தையே சாட்சிக்கு அழைப்போம். மார்பகத்தை அகற்றப் பணம் கொடுக்கும் காப்புறுதி, அதனை மீளமைக்கவும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் 1998இல் விதித்தது. சிகிச்சை பறித்ததைச் சிகிச்சையே ஈடுசெய்ய வேண்டும் என்பதே அதன் தத்துவம். அத்தத்துவம் மார்பகத்துக்குப் பொருந்தும், சூலகத்துக்குப் பொருந்தாதா?

றோட் ஐலண்ட், கனெக்ரிக்கட் மாநிலங்கள் 2017இல் இச்செலவைக் காப்புறுதியின் கடமையாக்கின. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆயினும், முதலாளிமார் தாமே பணப்பொறுப்பை ஏற்று நடத்தும் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. 1974ஆம் ஆண்டின் மத்திய சட்டம் அவற்றுக்கு அரண். ஆகவே ஒரே ஊரில், ஒரே நோயுடைய இரு பெண்களுள் ஒருத்திக்கு நீதி, மற்றவளுக்குக் கதவடைப்பு!

தர்ம ஸ்தாபனங்கள் சில கைகொடுக்கின்றன. அவற்றை வாழ்த்துவோம். ஆனால் தர்மம் உரிமையாகாது. கொடுப்பவர் கை சோர்ந்தால் பெறுபவரின் கதி யாது? யப்பானிய அரசு 2021இல் இளம் நோயாளரின் இச்செலவுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. யப்பானால் முடிந்தது அமெரிக்காவால் முடியாதா?

அரசாங்க வைத்தியசாலையில் இலவச வைத்தியத்தைப் பிச்சையாக அன்றி உரிமையாகப் பெற்று வளர்ந்தவர்கள் நாம். அந்நாட்டு நோயாளரின் வழக்கின் நியாயம் நமக்கு விளங்காததன்று. 1998இன் தத்துவத்தை மத்திய சட்டம் சூலகத்துக்கும் விரிக்கட்டும். வெள்ளம் வருமுன் விதையைக் காப்பதே நீதி. வடிந்தபின் அனுதாபம் கூறுவது நீதியன்று!