297 ஆட்டங்கள்: வரவு ஒருவருக்கு, பற்று யாருக்கு?

ப்ரெட் ஃபார்வ் என்ற பெயரை எடுத்தாலே போதும், அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் இரண்டு வசனங்களைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒன்று: "மனுஷன் 297 ஆட்டம் தொடர்ந்து ஆடினான்யா, ஒரு வாரம்கூட லீவு போடல." இரண்டு: "அவன் எறிஞ்சா யார் பிடிச்சாலும் ஸ்டார்தான். ரிசீவருங்களை எல்லாம் உருவாக்கினதே அவன்தான்." இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிட்டது என்று நினைப்பு.

முடியவில்லை. இரண்டுமே பாதிக் கணக்கு. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். ஃபார்வ் ரசிகர்கள் வரவுப் பக்கத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு, பற்றுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, முட்டை மாதிரிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதுகிற ஆட்டம்.) குவாட்டர்பேக் பந்தை எறிபவர். ரிசீவர் முன்னால் ஓடிப்போய் அதைப் பிடிப்பவர். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன். எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து மலைபோன்ற ஆட்கள் சுவர் மாதிரி நின்று காப்பாற்றுவார்கள். ரிசீவருக்கு அப்படி யாரும் கிடையாது. அந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

297 எப்படி ஆரம்பித்தது?

1992 செப்டம்பர் 20. கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவாட்டர்பேக் டான் மாய்கோவ்ஸ்கி. 1989-ல் மொத்த லீக்கிலும் அதிக யார்டு எறிந்தவர் அவர்தான்; 4,318 யார்டு. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1990-ல் தோள்பட்டை போனது. 1992-ல் சின்சினாட்டிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கணுக்காலும் போனது. உள்ளே வந்தார் 22 வயது ஃபார்வ். கடைசி விநாடிகளில் கிட்ரிக் டெய்லருக்கு ஒரு டச்டவுன் எறிந்து 24-23 என்று ஜெயித்தார். அடுத்த வாரம், செப்டம்பர் 27 அன்று, பிட்ஸ்பர்க்குக்கு எதிராக முதல் ஆளாகக் களம் இறங்கினார். 297 அங்கேதான் ஆரம்பம்.

அதாவது, உலகம் கொண்டாடும் இந்தத் தாக்குப்பிடிக்கும் சாதனை தொடங்கியதே இன்னொருவரின் உடம்பு தாக்குப்பிடிக்காததால்தான். மாய்கோவ்ஸ்கிக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொல்வார்களா? கணுக்கால் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். அதற்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

112 என்ற இன்னொரு எண்

அதே அணியில் அதே சமயம் ஸ்டெர்லிங் ஷார்ப் என்று ஒரு ரிசீவர் இருந்தார். 1988 முதல் 1994 வரை ஏழு சீசன். சீசனுக்கு 16 ஆட்டம். ஏழு பதினாறு 112. ஷார்ப் ஆடியது எத்தனை? 112. ஒன்றுகூட விடவில்லை! அதுவும் குறுக்கே வந்து மோதும் ஆட்களுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஆடிய 112.

1994 கடைசியில் கழுத்தின் மேல்பக்க முள்ளெலும்புகளில் பிரச்னை என்று தெரிந்தது. இன்னொரு மோதல் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நிலை. 29 வயதில் ஆட்டம் முடிந்தது. அந்தக் கடைசி சீசனில் அவர் பிடித்த டச்டவுன் 18.

ஃபார்வுக்கு 297, ஷார்புக்கு 112. முதலாமவருக்கு "இரும்பு மனிதன்" பட்டம். இரண்டாமவருக்கு? ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்கவே 2025 வரை, முப்பது வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. "கொஞ்ச காலம்தானே ஆடினார்" என்பதுதான் காலமெல்லாம் சொல்லப்பட்ட காரணம். கழுத்தெலும்பு தளர்ந்தது அவர் குற்றமா?

தொடர்ந்து ஆடுவது உறுதியின் அடையாளம் என்றால், கழுத்து விட்டுப்போகும் நாள் வரை ஒரு ஆட்டம்கூட விடாத ஷார்பும் இரும்புதான். இல்லை, அது அதிர்ஷ்டமும் உடல் அமைப்பும் என்றால், ஃபார்வுக்கும் அதே விதிதான். ஆளுக்கொரு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

"உருவாக்கினான்" என்ற கதை

ஷார்ப் 1992-ல் 108 கேட்ச், 1,461 யார்டு, 13 டச்டவுன். மூன்றிலும் லீக்கில் முதலிடம். "பார்த்தாயா, ஃபார்வ் வந்த வருஷமே!" என்பார்கள். சரி, 1989-ஐப் பாருங்கள். 90 கேட்ச் (லீக்கிலேயே அதிகம்), 1,423 யார்டு, 12 டச்டவுன். அப்போது ஃபார்வ் கல்லூரி மாணவர். ஷார்பை யார் உருவாக்கியது? இன்னும் கறாராகப் பார்த்தால், முதல் மூன்று வருஷம் தட்டுத்தடுமாறி எறிந்துகொண்டிருந்த ஒரு இளைஞனை ஆளாக்கியது ஷார்பின் கைகள் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்து டொனால்ட் டிரைவர். 1999-ல் ஏழாவது சுற்றில், கிட்டத்தட்ட மிச்சம் மீதியாக, எடுக்கப்பட்டவர். ஃபார்வோடு 2002, 2004, 2005, 2006, 2007 என ஐந்து சீசன் 1,000 யார்டு தாண்டினார். ஃபார்வ் 2008-ல் போய்விட்டார். டிரைவர் என்ன ஆனார்? 2008-ல் 1,012. 2009-ல் 1,061. எறிபவர் ஏரன் ராட்ஜர்ஸாக மாறியும் டிரைவர் டிரைவராகவே இருந்தார். கிரெக் ஜென்னிங்ஸ் ஃபார்வோடு ஆடிய இரண்டு வருஷத்தில் 1,000 யார்டு தொட்டதில்லை. ராட்ஜர்ஸோடு ஆடிய முதல் வருஷமே 1,292.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியையும் மறைக்கக் கூடாது. சிட்னி ரைஸ். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் 2008-ல் அவர் பிடித்தது வெறும் 15. 2009-ல் நாற்பது வயதைத் தொட்ட ஃபார்வ் அந்த அணிக்கு வந்ததும் 83 கேட்ச், 1,312 யார்டு. ஃபார்வுக்கும் 33 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் மட்டும், அருமையான சீசன். ராபர்ட் ப்ரூக்ஸ், அன்டோனியோ ஃப்ரீமன் இருவரின் உச்சமும் ஃபார்வோடுதான். நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் ரிசீவர் ஜொலிப்பார் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரைஸுக்கு வந்த லாபத்தை ஃபார்வ் கணக்கில் எழுதுகிறவர்கள், அந்த 40 வயது லாபத்தில் ரைஸின் பங்கை ரைஸ் கணக்கில் எழுதுவதில்லையே. ஏன்?

யாருக்கு நஷ்டம்?

இப்போது பற்றுப் பக்கத்துக்கு வரலாம். உடம்பு முடியாமல் ஆடுவது எப்போதும் தப்பு என்று சொல்வதும் பொய். 2003-ல் வலது கைக் கட்டைவிரல் முறிந்த நிலையிலும் ஆடி 32 டச்டவுன் எறிந்தார், லீக்கிலேயே அதிகம். அந்த வீரத்துக்குத் தாராளமாகக் கை தட்டலாம்.

ஆனால் 2008? நியூயார்க் ஜெட்ஸ் அணி 11 ஆட்டத்தில் 8 வெற்றி. ஊர் முழுக்க சூப்பர் பவுல் கனவு. ஃபார்வின் வலது கை பைசெப்ஸ் தசைநார் கிழிந்திருந்தது. கடைசி ஐந்து ஆட்டத்தில் 2 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன், நான்கு தோல்வி. பிளேஆஃப் போச்சு. காயத்தை வாராந்திர அறிக்கையில் சரியாகக் காட்டவில்லை என்று 2009-ல் லீக் ஜெட்ஸுக்கு அபராதமும் போட்டது. எறிகிற கையே சரியில்லாதவரைத் தொடர்ந்து இறக்கினால், சரியாக ஓடி சரியான இடத்தில் நின்ற ரிசீவருக்கு என்ன மிச்சம்? அவர் கணக்கில் "பிடிக்கவில்லை" என்றுதான் ஏறும். அந்த ஐந்து வாரமும் 297-ல் சேர்த்தி!

2005-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சுவரில் இருந்த மார்கோ ரிவேரா, மைக் வாலே இருவரும் அந்த வருஷம் வேறு அணிகளுக்குப் போனார்கள். ஃபார்வின் இன்டர்செப்ஷன் 17-லிருந்து 29. அணி 4 வெற்றி, 12 தோல்வி. ஃபார்வ் 16 ஆட்டமும் ஆடினார், உண்மைதான். ஆனால் அந்தச் சுவர் இருந்தபோது அவர் எவ்வளவு பெரிய ஆள், போனபோது எவ்வளவு என்பதைப் பார்த்தால் 297-ல் எத்தனை பேருக்குப் பங்கு என்று புரியும்.

வாக்கர் கேட்டது தப்பா?

இந்த விவாதத்தில் யாருமே பேசாத பெயர் ஜேவன் வாக்கர். 2004-ல் 89 கேட்ச், 1,382 யார்டு, 12 டச்டவுன். இன்னும் முதல் ஒப்பந்தத்தின் சம்பளத்தில் ஆடிக்கொண்டிருந்தார். "இப்போதே நல்ல ஒப்பந்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் பயிற்சிக்கு வரமாட்டேன்" என்றார். இந்த லீக்கில் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை பெரும்பாலும் முழு உத்தரவாதம் இல்லாதது. அடிபட்டால் அணி அனுப்பிவிடலாம். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்பதுதான் ஒரே வழி.

அப்போது வாக்கரை வெளிப்படையாகக் குறை சொன்னவர் யார் தெரியுமா? 2001-ல் சுமார் 10 கோடி டாலர் மதிப்பில் பத்து வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஃபார்வ். ரசிகர்களும் சேர்ந்து கும்மியடித்தார்கள். வாக்கர் வேறு வழியில்லாமல் பழைய சம்பளத்துக்கே வந்தார். 2005-ன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் காலி. அடுத்த வருஷம் டென்வருக்குக் கைமாற்றப்பட்டார்.

வாக்கர் எதற்குப் பயந்தாரோ அதுவேதான் நடந்தது, அதுவும் முதல் நாளே. அவருடைய பயம் பேராசையா? ஷார்பும் 1994 சீசன் தொடங்கும் நேரத்தில் இதே மாதிரி ஒப்பந்தத்துக்காக மல்லுக்கட்டித் திட்டு வாங்கியவர்தான். சில மாதங்களில் கழுத்து போனது. "விடாமல் ஆடு, வாய் திறக்காதே" என்ற பாடம் சுவருக்குப் பின்னால் நிற்பவருக்குச் சுலபம். நடுக்களத்தில் கையைத் தூக்கிக் குதிப்பவருக்கு அந்தப் பாடத்தின் விலை வேறு.

அந்த ஒரு எறி

2004 அக்டோபர் 3, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டம். ஃபார்வின் தலை தரையில் மோதி மூளை அதிர்ச்சி. மருத்துவர்கள் அனுமதி தரும் முன்னாலேயே திரும்ப உள்ளே போய் ஒரு பந்து எறிந்தார். டச்டவுன்! ரசிகர்கள் இன்றைக்கும் புல்லரித்துப் பேசும் தருணம். அந்த எறி தனக்கு நினைவே இல்லை என்று பின்னால் ஃபார்வே சொன்னார். பிடித்தவர் யார்? அதே ஜேவன் வாக்கர். நினைவில்லாமல் எறிந்தவர் கதாநாயகன், நினைவோடு ஓடிப் பிடித்தவர் அடுத்த வருஷம் பேராசைக்காரர்.

இதில் ஃபார்வுக்கும் லாபமில்லை என்பதுதான் சோகம். 1996-ல் வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகிச் சிகிச்சைக்குப் போனார். 2010 டிசம்பர் 13 அன்று தோள்பட்டைக் காயத்தால் தொடர் முடிந்தது. ஒரே வாரம் கழித்து திரும்ப வந்து, பேர்ஸ் அணிக்கு எதிராக இன்னொரு மூளை அதிர்ச்சியோடு ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. 2024 செப்டம்பரில் தனக்கு பார்க்கின்சன் நோய் என்று அறிவித்தார். தலையில் பட்ட அடிகளால்தான் அது வந்தது என்று ஒரு தனி ஆளைக் காட்டி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அடிகளை வீரம் என்று கை தட்டியவர்கள் அந்தச் செய்தி வந்த பிறகும் 297-ஐ அதே உற்சாகத்தோடு சொல்கிறார்களே, அதுதான் ஆச்சரியம்.

"அப்போ ஃபார்வ் பெரிய ஆட்டக்காரரே இல்லையா?" என்று சண்டைக்கு வருவார்கள். பெரிய ஆட்டக்காரர்தான். 1995, 1996, 1997 என்று மூன்று வருஷம் தொடர்ந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், சூப்பர் பவுல் வெற்றி, 508 டச்டவுன். அவரைப் பெரியவராக்க இது போதாதா? எதற்கு உடம்பு முடியாத வாரங்களையும், அடுத்தவன் பிடித்த பந்துகளையும் அவர் கணக்கில் ஏற்ற வேண்டும்?

இந்தக் கணக்கைத் திருத்தாவிட்டால் இன்றைக்கு ஆடும் பசங்களுக்கும் இதே பாடம்தான் போகும்: தலை சுற்றினாலும் சொல்லாதே, கை கிழிந்தாலும் காட்டாதே, சம்பளம் கேட்டால் பேராசை. அடுத்த தடவை யாராவது "297" என்று ஆரம்பித்தால் பதிலுக்கு "112" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அது யாருடைய எண் என்று அவருக்குத் தெரியாவிட்டால், பாதிக் கணக்கோடுதான் விவாதத்துக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.