முள்ளுப்புதரா இருக்கே... காடு எங்கப்பா?

ஞாயிறு காலை. மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம். கூட வந்த ஐடி நண்பர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் முள்ளுப்புதரா இருக்கே... காடு எங்கப்பா?"

அவர்மேல் தப்பில்லை. காடு என்றாலே நமக்கு டாப்சிலிப், முதுமலைதான். செங்கல்பட்டு மாவட்டத்துக் காடு வேறு ரகம். காரை, சூரை, களா, விராலி என்று இடுப்பளவும் ஆளுயரமுமான புதர்கள், நடுவே பாறை, புல். சில மாதம் கொட்டும் மழைக்கும் மிச்ச மாதங்களின் வெயிலுக்கும் பழகிய காடு இது. நன்மங்கலத்தின் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருப்பது பறவை ஆர்வலர்களுக்குத் தெரிந்த சங்கதி.

ஆனால் மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு, புதர் நிலத்தையும் தரிசுக் கணக்கில்தான் சேர்க்கிறது. தரிசு என்று பெயர் விழுந்துவிட்டால் எதையும் கட்டலாம், எதையும் கொட்டலாம். நல்ல மனசோடு கெடுப்பவர்களும் உண்டு: புதரை வெட்டிவிட்டு மரக்கன்று நடுகிறார்கள், கூடவே செல்ஃபி! இங்கிலாந்தில் 'ஹீத்' எனப்படும் புதர்வெளிகளைக் காப்பாற்ற, அங்கே தானாக முளைக்கும் மரக்கன்றுகளையே பிடுங்குகிறார்கள்.

'இந்தப் புதரால் என்ன லாபம்?' என்பவர்கள் ஈசிஆரில் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கிப் பார்க்கலாம். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் மூலப்பொருள். இந்த மாவட்டத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்புத் தடம் பார்க்க இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியது இதே புதரிலும் வயல்வரப்பிலும்தான். புதர் போனால் அந்தப் படிப்பும் போச்சு.

போவதென்றால் விடிகாலையில் போங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும்.

நண்பர் கிளம்பும்போது புதருக்குள்ளிருந்து ஒரு கவுதாரி கத்தியது. எங்கே என்று தேடிக் கால் மணி நேரம் நின்றார். கண்ணில் படவே இல்லை. அடுத்த வாரமும் வர்றாராம்.