ஆறப் பொறுத்தல்

ஒவ்வொரு மாதமும் பிறப்பதற்கு முன்பே, அம்மாதத்தில் வெளிவரப்போகும் வீடியோ விளையாட்டுக்கள், வீட்டிலிருந்தபடியே பார்க்கத்தக்க படங்கள், அப்படங்களின் இசைத் தொகுதிகள் ஆகியவற்றின் ஜாபிதா வந்து சேர்ந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பஞ்சாங்கத்தைக் காட்டிலும் அதிக சிரத்தையுடன் அதைப் படிக்கிறார்கள். இதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. தீபாவளிக்கு முந்தின பத்து நாட்களில் உள்ள சந்தோஷம் தீபாவளியன்று மாலையில் இருப்பதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள். எதிர்பார்த்தலும் ஒரு ரஸானுபவமே. ஆயினும், அந்த எதிர்பார்ப்பையே ஈடாகக் கொண்டு, சரக்கைக் கண்ணில் காட்டுமுன் பணத்தை வசூலிக்கும் வியாபார முறை ஒன்று தழைத்திருக்கிறது. அதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். உதாரணத்துக்கு 2020-ம் வருஷத்து டிசம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம்.

அவ்வருஷம் கொரோனா நோயின் காரணமாகப் பல தேசங்களில் சினிமாக் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. வீடே கொட்டகை, வீடே விளையாட்டு மைதானம் என்று ஜனங்கள் காலங்கழித்து வந்தார்கள். ஆகவே டிசம்பர் மாத ஜாபிதாவுக்கு வழக்கத்துக்கு மேற்பட்ட மவுசு ஏற்பட்டிருந்தது.

அதன் தலைமையில் நின்றது ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டு. போலந்து தேசத்து ஸிடி ப்ராஜெக்ட் கம்பெனியார் 2012-ல் அறிவித்த விளையாட்டு அது. 2020 ஏப்ரல் 16 என்று முதலில் நாள் குறித்தார்கள். பிறகு செப்டம்பர் 17 என்றார்கள். பிறகு நவம்பர் 19 என்றார்கள். கடைசியில் டிசம்பர் 10-ல் வெளியிட்டார்கள். நாள் தள்ளத் தள்ள ஆவலும் வளர்ந்தது. அமெரிக்காவில் 60 டாலர் விலையுள்ள அவ்விளையாட்டுக்கு, வெளிவருமுன்னரே உலகமெங்கும் 80 லட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு ஆகியிருந்தது. அந்த 80 லட்சம் பேரில் ஒருவராவது பொருளைக் கையில் தொட்டுப் பார்த்தவரல்லர். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்டதும் கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்பு மாத்திரமே. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் யந்திரங்களுக்குரிய பதிப்பு வெளியீட்டு நாள் வரையில் திரைக்குப் பின்னாலேயே இருந்தது.

திரை விலகியபோது காரணம் விளங்கிற்று. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் யந்திரங்களில் உருவங்கள் மங்கித் தெரிந்தன, ஆட்டம் தடுமாறிற்று, பாதியில் அடியோடு நின்றும் போயிற்று. ஒரு வாரத்துக்குள் ஸோனி கம்பெனியார் அவ்விளையாட்டைத் தங்கள் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். 2021 ஜூன் மாதத்தில்தான் அது அக்கடைக்குத் திரும்பிற்று. அப்பால் கம்பெனியார் இடைவிடாமல் செப்பனிட்டு வந்ததன் பயனாக, 2023-ல் அதே விளையாட்டுப் பெரும் புகழ் பெற்றது என்பதையும் நியாயம் கருதிக் கூறவேண்டும். ஆக, நல்ல சரக்கு கிடைத்தது காத்திருந்தவர்களுக்கு. முந்திப் பணம் கட்டியவர்களில் பலருக்குக் கிடைத்தது ஏமாற்றம். எட்டு வருஷம் ஆக்கப் பொறுத்தவர்களுக்கு எட்டு நாள் ஆறப் பொறுக்கக் கூடாதா?

படங்களின் சங்கதி வேறு விதம். கிறிஸ்டோபர் நோலனின் ‘டெனட்’ படம் அம்மாதம் 4-ம் தேதி நம் தேசத்துக் கொட்டகைகளுக்கு வந்தது. பம்பாயில் சில காட்சிகள் எடுக்கப்பட்டதும், நம் டிம்பிள் கபாடியா நடித்ததுமான படம் அது. 15-ம் தேதி அமெரிக்காவில் வீட்டில் பார்க்கும் தட்டாகவும் வெளியாயிற்று. லுட்விக் யோரன்ஸனின் இசை முழக்கத்தில் பாத்திரங்களின் பேச்சு காதில் விழவில்லை என்று கொட்டகையில் பார்த்தவர்கள் பலர் குறைப்பட்டிருந்தார்கள். தட்டு வாங்கினவர்களோ, புரியாத இடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டு, வசனத்தை எழுத்திலும் படித்துக்கொண்டார்கள். தாமதித்ததால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

மாத முடிவில், 25-ம் தேதியன்று, பிக்ஸார் கம்பெனியாரின் ‘ஸோல்’ என்னும் சித்திரப் படம் டிஸ்னி கம்பெனியாரின் சேவை மூலமாக வீடுகளுக்கு வந்தது. ஜூன் மாதம் வரவேண்டிய படம் நவம்பருக்குத் தள்ளி, பிறகு டிசம்பருக்கு வந்து சேர்ந்தது. அதன் கதாநாயகர் நியூயார்க் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சங்கீத உபாத்தியாயர். பெரிய ஜாஸ் வித்வாம்சினி ஒருவருடன் ஒரு நாளாவது மேடையேற வேண்டும் என்று ஆயுள் முழுவதும் காத்திருக்கிறார். அந்த நாளும் வருகிறது. கச்சேரியும் சிறப்பாக நடக்கிறது. முடிந்த பிறகோ, இவ்வளவுதானா என்று மனம் வெறுமையடைகிறது. ட்ரெண்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ், ஜான் பாடிஸ்ட் மூவரும் இப்படத்துக்கு அமைத்த இசை 2021-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. எதிர்பார்ப்பை விலைபேசிய அதே மாதம், எதிர்பார்ப்பின் தன்மையை எடுத்துக்காட்டும் ஒரு கதையையும் கொடுத்துவிட்டுப் போயிற்று.

இதனால் நாம் சொல்வது யாது? பொருளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது வாங்குவோனுக்குள்ள உரிமை. முன்பணம் கட்டுகிறவன் அவ்வுரிமையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறான். விதேசித் துணியை வேண்டாமென்று தள்ளிய தேசத்தாருக்கு அந்த ஒரு சொல்லின் பலத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் குழந்தைகளுக்கு மட்டும் அதை இன்னும் கற்பிக்கவில்லை. முன்பதிவு செய்தால் ஓர் அலங்கார வாளோ, விசேஷ உடையோ இனாம் என்று ஆசை காட்டுகிறார்கள். உண்டியலை உடைக்கப் பையன் ஓடுகிறான்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. ஜாபிதாவைக் கிழித்துப் போடவேண்டாம். பையனுடன் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். அவன் ஆசைப்படும் பொருளின் தேதிக்குப் பக்கத்தில், ஏழு நாள் கூட்டி இன்னொரு தேதியை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நம் வீட்டில் உள்ள அதே யந்திரத்தில் ஆடிப் பார்த்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று அந்த ஏழு நாட்களில் அவனே விசாரித்து வரட்டும். எட்டாம் நாளும் ஆசை குறையாதிருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.