நடந்தே ஏற வேண்டிய ஒரு கிராமம்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், அபுவான் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 660 மீட்டர் உயரத்தில் சாந்தன்னா தி ஸ்டாட்செமா என்ற சிற்றூர் இருக்கிறது. செஸ்ட்நட் மரக்காட்டுக்கு நடுவே சிதறிய சில வீடுகள், ஒரு சிறிய தேவாலயம், பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம். இன்று அங்கே தார்ச்சாலை செல்கிறது. வாகனத்தில் வந்து, படமெடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். ஆயினும், வரலாறு பயில்வோர் அவ்வூருக்குப் பழைய மலைத்தடத்தின் வழியே நடந்துதான் ஏற வேண்டும்.

1944இல் அவ்வூருக்கு வாகனம் செல்லும் சாலை இல்லை. கோவேறு கழுதைகள் செல்லும் தடங்களே இருந்தன. அதனாலேயே அது பாதுகாப்பான இடமெனக் கருதப்பட்டது. கடலோரச் சமவெளியிலிருந்து போருக்கு அஞ்சிய குடும்பங்கள் அங்கே தஞ்சம் புகுந்தன. ஆகஸ்ட் 12 அதிகாலையில் நாஜி எஸ்.எஸ். படையின் 16ஆம் டிவிஷன் வீரர்கள் பல திசைகளிலிருந்து கால்நடையாக மேலேறினர். கட்டாய வேலைக்கு ஆள்பிடிக்க வருகிறார்கள் என்றெண்ணி ஆண்கள் பலர் காட்டுக்குள் மறைந்தனர். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் வீடுகளிலேயே இருந்தனர். சில மணி நேரத்தில் சுமார் 560 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். தேவாலய முற்றத்தில் கிடந்த உடல்கள், தேவாலயத்தின் இருக்கைகளையே விறகாக்கி எரிக்கப்பட்டன.

'பல திசைகளிலிருந்து' என்பது நூலில் ஒரே சொற்றொடர். தடத்தில் மூச்சிரைக்க ஏறுகிறவருக்கே அதன் பொருள் விளங்கும். வெளியேறும் வழிகள் எத்தனை குறைவு என்பதும், அந்த வழிகளில் ஆயுதம் ஏந்தியோர் நின்றுவிட்டால் கைக்குழந்தையுடன் ஒரு தாய் எங்கும் செல்ல இயலாது என்பதும் நிலவியலே கூறும் சான்றுகள். அடைக்கலம் தந்த அதே கடினமான பாதைதான் அன்று பொறியாகவும் ஆயிற்று.

ஆவணங்களை மட்டும் நம்புவோர்க்கு இவ்வூர் வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. போர்க்குற்றங்கள் தொடர்பான நூற்றுக்கணக்கான கோப்புகள், ரோம் நகரின் இராணுவ வழக்குரைஞர் அலுவலகக் கட்டடத்தில், கதவுகள் சுவரைப் பார்த்தவாறு திருப்பி வைக்கப்பட்ட ஓர் அலமாரியில் 1994இல்தான் கண்டெடுக்கப்பட்டன. 2005இல் லா ஸ்பெசியா இராணுவ நீதிமன்றம் பத்துப் பேருக்கு, அவர்கள் முன்னிலையில் இல்லாமலே, ஆயுள் தண்டனை விதித்தது. ஒருவரும் இத்தாலியிடம் ஒப்படைக்கப்படவில்லை. 2012இல் ஸ்டுட்கார்ட் அரசு வழக்குரைஞர்கள் தங்கள் விசாரணையைக் கைவிட்டனர். அரை நூற்றாண்டுக் காலம் ஆவணங்கள் பேசாதிருந்தன. பேசத் தொடங்கிய பின்னரும் நீதி முழுமை பெறவில்லை.

துயரம் நிகழ்ந்த மண்ணில் மலையேற்றம் போவது மரியாதைக் குறைவு என்போர் உண்டு. கேளிக்கையாக வருவோரைப் பற்றி அக்கவலை நியாயமானதே. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் மலர்வளையம் வைப்பதால் மட்டும் ஓரிடத்தின் நினைவு நிலைத்துவிடாது. இத்தாலிய நாடாளுமன்றம் 2000இல் சட்டமியற்றி அவ்விடத்தைத் தேசிய அமைதிப் பூங்காவாக்கியது. மக்கள் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். நேரில் கண்டோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்களுக்குப் பின் எஞ்சப்போகும் சாட்சிகளுள் அந்தத் தடங்களும் அடங்கும்; நடப்பார் இல்லாத தடத்தைக் காடு சில ஆண்டுகளில் மூடிவிடும்.

தேவாலயத்திலிருந்து சிலுவைப்பாதை வழியே மேலேறினால், இறந்தோரின் எலும்புகளைத் தாங்கிய கல்கோபுரம் வருகிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே கடற்கரை தெரிகிறது. அடைக்கலம் தேடிய குடும்பங்கள் அந்தக் கரையிலிருந்துதான் ஏறிவந்தன.