மூடுபனியில் ஒரு சிறு படகு



இருளில் செல்லும் மாலுமிக்குக் கலங்கரை விளக்கம் துணை நிற்கும். மூடுபனியிலோ நண்பகலிலும் அவ்விளக்கம் பயன்படாது. அமெரிக்காவின் வடகிழக்கே மெய்ன் மாநிலக் கடற்கரையில் இந்நிலை கோடையில்தான் மிகுதி. தெற்கிலிருந்து வரும் வெப்பமும் ஈரமும் மிக்க காற்று, அங்குள்ள குளிர்ந்த கடல்நீரின் மேல் படர்ந்ததும் அதிலுள்ள ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிவிடுகிறது. காற்று வீசினால் பனி கலையும் என்போம். இங்கே காற்றே பனியைச் சுமந்து வருகிறது.

அக்கரையோரம் 30 அடி நீளமுள்ள பாய்மரப் படகில் நீங்கள் செல்வதாக எண்ணிக் கொள்ளுங்கள். பாய்மரப் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளின்படி, ஒன்றையொன்று காண இயலாத பனியில் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. நிலைமைக்கேற்ற பாதுகாப்பான வேகத்தில் செல்வது அனைவர்க்கும் கடமையாகும்.

"ரேடார் இருக்கிறதே!" என்பீர்கள். 1956 ஜூலை 25 இரவு, தெற்கே நான்டக்கெட் தீவுக்கு அப்பால், 'ஆண்ட்ரியா டோரியா', 'ஸ்டாக்ஹோம்' என்னும் இரு பெருங்கப்பல்கள் மோதின. இரண்டிலும் ரேடார் இருந்தது. ஒன்றையொன்று அதில் கண்டும் இருந்தன. எதிர்க்கப்பலின் போக்கை இரு தரப்பும் வெவ்வேறாகக் கணித்தன. 51 உயிர்கள் பறிபோயின. இன்றைய செயற்கைக்கோள் வழிகாட்டி நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். எதிரே வரும் சிங்கி இறால் பிடிக்கும் படகை அது காட்டாது.

ஆகவே செவியைத் தீட்டுங்கள். ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அது இயந்திரக் கப்பல். நீண்ட ஊதலை அடுத்து இரு குறுகிய ஊதல்கள் கேட்டால் பாய்மரக் கப்பலாக இருக்கலாம். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறையேனும் நீங்களும் ஒலி எழுப்பியாக வேண்டும். இயந்திரம் ஓடினால் அவ்வப்போது நிறுத்திவிட்டு, ஒருவரை முன்முனையில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். எனினும் பனியில் ஒலி வரும் திசை ஏமாற்றும் என்பதை மறந்துவிடலாகாது.

துறைமுகம் தேடுகையில் ஓர் உத்தி உண்டு. அதன் வாயிலையே குறிவைத்துச் சென்று சற்றுத் தவறினால், வாயில் இடப்புறமா வலப்புறமா என்றறியாமல் திகைப்பீர்கள். எனவே பாறைகளற்ற ஒரு பக்கமாக, வேண்டுமென்றே ஒரு மைல் விலகிக் குறிவையுங்கள். ஆழமானி கரை நெருங்குவதைக் காட்டியதும், எப்பக்கம் திரும்புவது என்பதில் ஐயமே இராது. பின்னர் ஒரே அளவான ஆழத்தைப் பற்றிக்கொண்டு மெல்லச் செல்லலாம்.

அதுவும் இயலாவிடில், பெருங்கப்பல்கள் நுழைய முடியாத ஆழமற்ற நீரில் நங்கூரமிட்டுக் காத்திருங்கள். மாலைக்குள் வந்துவிடுவதாக வீட்டாரிடம் சொல்லியிருப்பீர்கள். அவ்வாக்கைக் காப்பாற்ற விரைந்து, பாறையில் மோதியவர்கள் உண்டு. தாமதமாகும் என்று வானொலிக் கருவியில் தெரிவித்துவிடுங்கள். ஓரிரவுக் கவலையைக் காத்திருப்போர் தாங்கிக்கொள்வர். உங்கள் இழப்பை எவ்வாறு தாங்குவர்?