பின்பக்கம் ஸ்பேசர் போடும் முன் ஓர் அளவு

"காடியை இறக்கியாச்சு. பின்னால் சப்-ஃபிரேம் ஸ்பேசரும் போட்டுவிடலாமா?" ஸ்போர்ட்ஸ் காடி வைத்திருக்கும் இளைஞர்கள் பட்டறையில் கேட்கும் கேள்வி இது. வளையல் அளவில் நான்கு அலுமினியத் துண்டுகள்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் அந்தத் துண்டுகள் இருக்கும் இடம், பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்கும் கோணத்தையே முடிவு செய்கிற இடம். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

சப்-ஃபிரேம் என்பது காடியின் அடியில் தனியாகப் பொருத்தப்படும் ஓர் இரும்புச் சட்டம். பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் அதில்தான் மாட்டப்பட்டிருக்கும். பின்சக்கர இயக்கம் உள்ள காடியில் டிஃபரன்ஷியலையும் அதுவே தாங்கும். சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் பெரிய ரப்பர் புஷ்கள் இருக்கும். அதிர்வும் இரைச்சலும் உள்ளே வராமல் தடுப்பது அவற்றின் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மைவி, சாகா போன்ற காடிகளில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம் என்ற ஒற்றைக் குறுக்குச்சட்டம். அவற்றில் இந்த வகைப் பின் சப்-ஃபிரேம் கிடையாது. அவற்றுக்கு 'பின் ஸ்பேசர்' என்று யாராவது விற்றால் அது ஸ்பிரிங் ஸ்பேசராகவோ வீல் ஸ்பேசராகவோ இருக்கும். அது வேறு கதை. நாம் பேசுவது நிசான் சில்வியா, செஃபிரோ ஏ31, டொயோட்டா 86 போன்ற காடிகளைப் பற்றி.

நம் நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே செஃபிரோ ஏ31தான் நினைவுக்கு வரும். 1988இல் ஜப்பானில் அறிமுகமான இந்தக் காடியை இங்கே டான் சோங் நிறுவனம் விற்றது. வாங்கியவர்கள் அதைக் குடும்பக் காடியாகத்தான் வாங்கினார்கள். நான்கு கதவு, அகலமான பின் இருக்கை. ஆனால் அடியில் இருந்தது பின்சக்கர இயக்கமும், அதே காலத்து சில்வியா எஸ்13, ஸ்கைலைன் ஆர்32 ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மல்டி-லிங்க் பின் சஸ்பென்ஷனும். அடுத்து வந்த ஏ32 முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. அதனால் அப்பா ஓட்டிய ஏ31, பிறகு பிள்ளைகளின் டிரிஃப்ட் காடியானது. சில்வியாவுக்குச் செய்த பல உதிரிப்பாகங்கள் இதற்கும் பொருந்தும். சப்-ஃபிரேம் ஸ்பேசர் அந்த வழியில் வந்து சேர்ந்த பொருள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காடி வெளிவந்தபோது அது தரைக்குக் கிடைமட்டமாக இருந்தது. நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றிக் காடியை 40 மி.மீ. இறக்குகிறீர்கள். சக்கரம் தரையில் அதே இடத்தில்தான் நிற்கிறது. பாடியும் சப்-ஃபிரேமும் கீழே வந்துவிட்டன. ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட 40 மி.மீ. மேலே நிற்கும். கோணம் ஏறக்குறைய 6.5 டிகிரி.

இந்தச் சாய்வால் என்ன ஆகும்? சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். டோ என்கிற நேர்கோட்டு அமைப்பு மாறும். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் கோணமும் கூடும். ரோல் சென்டர் என்னும் சாய்வு மையம், காடியின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். வளைவில் காடி குறைவாகச் சாய வேண்டும் என்றுதான் இறக்கினோம். ஆனால் பாடியைச் சாய்க்கும் நெம்பு முன்பைவிடக் கூடிவிடும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும்.

இதைத் திருத்த வேண்டுமானால் சப்-ஃபிரேமை பாடிக்குள் மேலே ஏற்ற வேண்டும். 15 மி.மீ. ஏற்றினால் மேற்சொன்ன 40 மி.மீ. வித்தியாசம் 25 ஆகும். கோணம் ஏறக்குறைய 4 டிகிரிக்கு இறங்கும். டிஃபரன்ஷியலும் கூடவே மேலே போவதால் டிரைவ் ஷாஃப்டும் நேராகும். இதற்கென்று உயரம் மாற்றிச் செய்த புஷ்கள் கிடைக்கின்றன.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'ஸ்பேசர்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, இப்போது சொன்ன ஏற்றும் புஷ். இறக்கிய காடிக்கு உரியது இதுதான்.

இரண்டாவது, பாடிக்கும் சப்-ஃபிரேமுக்கும் நடுவில் வைக்கும் தடிமனான துண்டு. இது சப்-ஃபிரேமைக் கீழே தள்ளும். உயர்த்திய வண்டிகளுக்கு இது சரி. அப்சோர்பரின் மேல்முனை பாடியில் இருக்கும் இறக்கிய காடியில் 15 மி.மீ. துண்டை வைத்தால், நம் கணக்கில் 40 என்பது 55 ஆகிவிடும். கோணம் 9 டிகிரி. அதாவது, நோயை இரட்டிப்பாக்கும் மருந்து.

மூன்றாவது, ரப்பர் புஷ்ஷின் இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம். இது உயரத்தை மாற்றுவதற்காக வருவதல்ல. சப்-ஃபிரேம் அசையாமல் பிடிப்பதற்காக வருவது. காலை அழுத்தி முடுக்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக இழுப்பது குறையும். ஆனால் ரப்பர் தடுத்து வைத்திருந்த டிஃபரன்ஷியல் இரைச்சல் நேரே உள்ளே வரும். பின் இருக்கையில் பாட்டியோ குழந்தையோ வரும் காடி என்றால் அதையும் யோசியுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முன் இரண்டு இடத்தில் ஒரு தடிமன், பின் இரண்டு இடத்தில் வேறு தடிமன் வைத்தால் சப்-ஃபிரேம் சாய்ந்து நிற்கும். அதன் முன்பக்கம் உயர்ந்தால், முடுக்கும்போது காடியின் பின்பகுதி அமுங்குவது குறையும்; தாழ்ந்தால் அமுங்குவது கூடும். பந்தயத் தளத்தில் இதை வைத்து விளையாடுவார்கள். ஆனால் டிஃபரன்ஷியலின் மூக்கும் கூடவே சாய்வதால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு, குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் வரலாம்.

இதெல்லாம் நமக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது தைப்பிங். அதை ஒட்டி இருக்கிறது கமுந்திங். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சங்காட் ஜெரிங்கைத் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் வளைவுகள் தொடங்கிவிடும். காய்ந்த சாலையில் தெரியாத கோணப் பிழை, நனைந்த வளைவில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது தெரியவரும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

பிழை சிறியதுதானே என்று விடவும் முடியாது. ஒரு சக்கரத்தின் டோ வெறும் 0.2 டிகிரி தவறி இருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 80 கிலோமீட்டர் ஓடினால் 280 மீட்டர். டயரின் உள்விளிம்பில் கம்பி தெரிவது இப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும்.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் இருக்கிற புஷ்களைப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டிய ஏ31இல் ரப்பர் வெடித்திருந்தால் புதிய ரப்பர் புஷ்ஷே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். வெடித்த ரப்பரின் மேல் வளையம் வைப்பது ஓட்டை வாளிக்குப் பெயிண்ட் அடிப்பது போன்றது.

அடுத்து, எதையும் கழற்றுவதற்கு முன் அலைன்மென்ட் அளவை அச்சிட்டு வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். முன்னளவு இல்லாமல் பின்னளவால் பயனில்லை.

மூன்றாவது, போல்ட்டின் மரை. துண்டு 10 மி.மீ. தடிமன் என்றால் மரையின் பிடிப்பும் 10 மி.மீ. குறையும். இரும்பில் போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளம் மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 12 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. பிடிப்பு. போதவில்லை என்றால் நீளமான, அதே வலிமைத் தரமுள்ள போல்ட் வேண்டும்.

நான்காவது, சப்-ஃபிரேமை இறக்கும்போது காடி ஸ்டாண்டில் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், எக்ஸாஸ்ட் மூன்றும் இழுபடாமலும் உரசாமலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக, காடியின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பட்டறைக்குப் போகும்போது ஃபோர்மேனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது சப்-ஃபிரேமை மேலே ஏற்றுமா, கீழே தள்ளுமா, இல்லை பிடித்து வைக்க மட்டுமா?" வேலை தெரிந்தவர் உடனே காட்டி விளக்குவார். "எல்லாத்துக்கும் ஒன்றுதான் தம்பி" என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பாகம் வாங்கும் முன், இந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் கேட்டுவிடுங்கள். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போதுதான் வில்லங்கம் தொடங்கும்.

காடியை இறக்குவது ஒரு செலவு. இறக்கியதால் மாறிய கோணத்தைத் திருத்துவது இன்னொரு செலவு. கையில் முதல் செலவுக்கு மட்டும் பணம் இருந்தால், இப்போதைக்கு நல்ல டயரும் புதிய புஷ்ஷும் போட்டு ஓட்டுங்கள். மழையில் வீடு வந்து சேர அவை போதும். இரண்டுக்கும் பணம் சேர்ந்த பிறகு பட்டறைக்குப் போகலாம்.