எண்ட்ரி போடுகிறவருக்கு என்ன லாபம்?

சின்ன கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். இடது பக்கம் ஒரு கட்டம், அதிலிருந்து ஒரு அம்புக்குறி, நடுவில் ஒரு டைமண்ட் வடிவம் ("அப்ரூவ் ஆச்சா?"), வலது பக்கம் இன்னொரு கட்டம், கடைசியில் ஒரு பச்சை டிக். ஆர்டர் வந்தது, அனுமதி கிடைத்தது, வேலை முடிந்தது, பணம் வந்தது. முதலாளி தலையாட்டிவிட்டு கார்டை நீட்டுகிறார். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த சாஃப்ட்வேரில் கடைசியாகப் போட்ட எண்ட்ரி நாலு மாதத்துக்கு முந்தையதாக இருக்கும். வேலையெல்லாம் வழக்கம்போல வாட்ஸ்அப்பிலும் போனிலும் நடந்துகொண்டிருக்கும்.

இந்த வகை சாஃப்ட்வேருக்கு பிசினஸ் ப்ராசஸ் மேனேஜ்மெண்ட், சுருக்கமாக பிபிஎம் என்று பெயர். (பிபிஓ-வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கால் சென்டர் சமாச்சாரம் :) ) ஒரு வேலை யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும், என்ன நிபந்தனையில் போக வேண்டும், இந்த நிமிஷம் யார் மேஜையில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்வதுதான் பிபிஎம். ஒரு காலத்தில் இது பெரிய கம்பெனிகளின் சொத்து. தனி சர்வர், தனி ஆட்கள், வருஷக்கணக்கில் அமைப்பு வேலை. இன்று பிரவுசரைத் திறந்து, மாதச் சந்தா கட்டி, மவுஸால் கட்டங்களை இழுத்துப் போட்டால் போதும்.

இந்த மாற்றத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், ப்ரோக்ராம் எழுதத் தெரியாதவர்களும் தங்கள் அலுவலகத்துக்கு வேண்டிய அப்ளிகேஷனை உருவாக்கிக்கொள்ள ஜோஹோ கிரியேட்டரை 2006-லேயே கொண்டுவந்துவிட்டது. கிஸ்ஃப்ளோ 2012-ல் சென்னையிலிருந்து வந்தது. ஆக, கருவி கிடைக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு ஏன் தூசி படிகிறது?

எம்பிஏ வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. மைக்கேல் ஹாமர் 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் வரும் ஃபோர்டு கம்பெனி கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபோர்டின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் துறையில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். மாஸ்டாவில் அதே வேலையை 5 பேர் பார்த்தார்கள். மாஸ்டா சின்ன கம்பெனி என்று கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. ஃபோர்டு என்ன செய்தது என்றால், இன்வாய்ஸ் என்ற காகிதத்தையே தூக்கிவிட்டது. சரக்கு வந்து இறங்கும் இடத்தில் இருக்கும் குமாஸ்தா, கணினியில் இருக்கும் ஆர்டரோடு வந்த சரக்கை ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஏற்றுக்கொண்டு பதிவார், பணம் தானாகப் போய்விடும். ஆட்கள் தேவை முக்கால் வாசி குறைந்தது. பழைய குழப்பத்தை அப்படியே கணினியில் ஏற்றாதே, குழப்பத்தையே ஒழி என்பது ஹாமரின் கட்சி.

அருமையான கதைதான். ஆனால் அதில் யாரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஓர் ஆள் இருக்கிறார். அந்த குமாஸ்தா. அவர் ஃபோர்டின் சம்பளக்காரர். எண்ட்ரி போடு என்றால் போட்டாக வேண்டும்.

இப்போது திருப்பூருக்கு வருவோம். பத்துப் பதினைந்து பேர் ஆபீசில் இருக்கும் ஒரு சின்ன பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது. நூல் வாங்க வேண்டும். அது நிட்டிங்குக்குப் போக வேண்டும். நிட்டிங்கிலிருந்து ரோல் ரோலாக வரும் துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங். அப்புறம் கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங், பேக்கிங். இதில் கம்பெனியின் சொந்த கேட்டுக்குள் நடப்பது கட்டிங்கும் பேக்கிங்கும் மட்டுமாக இருக்கலாம். மற்றதெல்லாம் ஜாப் ஒர்க். நிட்டிங்காரர் வேறு முதலாளி, சாயப்பட்டறைக்காரர் வேறு முதலாளி, பவர் டேபிள் கான்ட்ராக்டர் வேறு. இவர்களில் ஒருவரும் இந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. அவர்களுக்கு இதைப்போல இன்னும் எத்தனையோ கம்பெனி வேலை கையில் இருக்கும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நூல் கிலோவில் போகிறது, துணி கிலோவில் வருகிறது. சாயத்திலும் காம்பாக்டிங்கிலும் எடை கொஞ்சம் மாறும், அந்தக் கழிவு சதவீதத்தைப் பற்றி வாராவாரம் ஒரு சண்டை நடக்கும். கட்டிங் மேஜையைத் தாண்டியதும் கிலோ செத்துப்போய் பீஸ் பிறந்துவிடுகிறது. அதுவும் ஸ்மால் இத்தனை, மீடியம் இத்தனை, லார்ஜ் இத்தனை என்று. இத்தனை கிலோவுக்கு இத்தனை பீஸ் வர வேண்டும், ஏன் குறைகிறது? துணி கனமாக வந்ததா, கட்டிங்கில் வேஸ்ட் ஆனதா, இல்லை நடுவில் எங்காவது இறங்கிவிட்டதா? ஒரு ஆர்டரின் லாபம் கரைவது இந்த இடத்தில்தான். ரெடிமேட் சாஃப்ட்வேரின் கட்டமும் அம்பும் பெரும்பாலும் லீவ் லெட்டரையும் பர்ச்சேஸ் ரிக்வெஸ்டையும் மனதில் வைத்துச் செய்தவை. ஒரு பொருள் நடுவழியில் அளவை மாற்றிக்கொள்ளும் என்பதை அவை எதிர்பார்ப்பதே இல்லை.

இந்தச் சங்கிலி முழுவதும் இப்போது எங்கே இருக்கிறது? புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவரின் தலைக்குள். "அண்ணா, நம்ம நேவி ப்ளூ லாட் எப்பங்ணா வருது?" என்று அவர் போன் போடுவார். "நாளைக்குக் காத்தால வண்டி ஏத்தி உட்டர்றனுங்க" என்று பதில் வரும். அந்தக் குரலின் தொனியை வைத்தே அது நாளை வருமா, நாளன்றைக்கா என்று அவருக்குத் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்தால் கம்பெனி படுக்கும். அதனால்தான் முதலாளி சாஃப்ட்வேர் தேடுகிறார். நியாயமான ஆசைதான்.

ஆனால் அந்த சாஃப்ட்வேருக்குள் தகவலைப் போட வேண்டியவர்கள் யார்? ஒன்று, வெளியில் இருக்கும் ஜாப் ஒர்க்காரர்கள். இன்னொருவர், அந்த மேனேஜரே. ஜாப் ஒர்க்காரருக்கு இது தன் வேலையோடு சேர்ந்த கூடுதல் வேலை, அதுவும் அடுத்தவர் கம்பெனிக்காக. மேனேஜருக்கு நிலைமை இன்னும் மோசம். தலையில் இருப்பதையெல்லாம் கணினியில் இறக்கிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு? பதினைந்து வருஷம் அலைந்து சம்பாதித்த அந்த நினைவுதான் அவருடைய வைப்பு நிதி. அதை மாதச் சந்தா சாஃப்ட்வேரில் இலவசமாக டெபாசிட் செய் என்று சொன்னால் யார் செய்வார்? "சர்வர் ஸ்லோவா இருக்குங்க சார்", "எண்ட்ரி போட டைம் இல்லீங்க சார்" என்று அவர் சொல்வதைக் கேட்டு, படிக்காதவர், டெக்னாலஜிக்குப் பயப்படுகிறார் என்று முடிவுகட்டுகிறார்கள். அவர் பயப்படுவது டெக்னாலஜிக்கு இல்லை. நிலைமை அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

இது திருப்பூரில் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஜோனதன் க்ரூடின் என்ற ஆராய்ச்சியாளர் 1988-லேயே, குழுவாகப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்கள் ஏன் தோற்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன முக்கியமான காரணம், உழைப்பு ஒருவருடையது, பலன் இன்னொருவருடையது என்பதே. மீட்டிங் காலண்டரை எல்லோரும் ஒழுங்காக நிரப்ப வேண்டும், ஆனால் பலன் மீட்டிங் கூட்டுகிற மேலதிகாரிக்குப் போகும். பிரவுசரும் மொபைலும் வருவதற்கு முன்பு எழுதிய இந்த வரிக்கு இன்றும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. டெமோ பார்க்கிறவர் முதலாளி, வாங்குகிறவர் முதலாளி, டாஷ்போர்டு பார்த்து ரசிக்கிறவர் முதலாளி. அதனால் சாஃப்ட்வேர் செய்கிறவர்களும் முதலாளியின் திரையைத்தான் அழகாகச் செய்கிறார்கள். எண்ட்ரி போடும் திரையில் பதினெட்டு கட்டம் இருக்கும், பாதியில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும், நிரப்பாமல் நகர முடியாது.

விலை வைக்கும் முறை இதை இன்னும் கெடுக்கிறது. பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஒரு ஆர்டரைத் தொடுகிற கைகளை எண்ணினால் ஜாப் ஒர்க்காரர்களையும் சேர்த்து முப்பது நாற்பது வரும். அத்தனைக்கும் கட்டுபடியாகுமா? மூன்று லாகின் வாங்கி, பாஸ்வேர்டை மானிட்டரில் சீட்டெழுதி ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தத் தப்பு நடந்தாலும் சாஃப்ட்வேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: செய்தவர் அட்மின். யார் செய்தார் என்று தெரிந்துகொள்ளத்தானே வாங்கினீர்கள்?

அப்ரூவல் விஷயமும் இப்படித்தான். சின்ன கம்பெனியின் ஒரே பலம் சட்டென்று முடிவெடுப்பது. அதில் கொண்டுபோய் மூன்று கட்ட அனுமதியை நுழைத்தால், முதலாளி பெங்களூர் போன அன்று கட்டிங் நின்றுவிடும். இரண்டு முறை அப்படி நின்ற பிறகு முதலாளி தன் மொபைலையே மச்சானிடம் கொடுத்து "வர்றதெல்லாம் ஓகே பண்ணிடு" என்பார். பச்சை டிக் விழுந்துகொண்டே இருக்கும்!

"ஊழியர்களைக் கண்டித்துப் போட வைத்தால் போதும்" என்று சிலர் சொல்லக்கூடும். சம்பளக்காரரைக் கண்டிக்கலாம். சீசனில் சாயப்பட்டறைக்காரரைக் கண்டித்தால் அடுத்த லாட் அவருடைய வரிசையில் கடைசிக்குப் போய்விடும். மேனேஜரைக் கண்டித்தால் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒரு வாரத்து எண்ட்ரியை உத்தேசமாக அடித்துவிடுவார். பொய்த் தகவல் நிறைந்த சாஃப்ட்வேரைவிட காலி சாஃப்ட்வேர் எவ்வளவோ மேல், காலியை யாரும் நம்பமாட்டார்கள்.

அப்படியானால் சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாமா? வேண்டும். வாங்கும்போது கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். "இதில் எனக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்று முதலாளி கேட்பதற்குப் பதிலாக, "எண்ட்ரி போடுகிறவருக்கு அன்றைக்கே என்ன கிடைக்கும்?" என்று கேட்க வேண்டும்.

ஜாப் ஒர்க்காரருக்கு வேண்டியது என்ன என்பது ஊருக்கே தெரியும். பணம், அதுவும் நேரத்தில். 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இடி சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஆனால் ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. பவர் டேபிள் கான்ட்ராக்டர் மொபைலில் "இத்தனை பீஸ் ஏற்றிவிட்டேன்" என்று போட்ட உடனே, கம்பெனி "இத்தனை பீஸ் வந்து சேர்ந்தது" என்று பதில் போட, தேதியோடு அவர் கணக்கில் வர வேண்டிய தொகையும் ஏறட்டும். அந்தத் தொகை அவர் திரையில் தெரியட்டும். எண்ட்ரி போடச் சொல்லி அவரை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை, நீங்கள் போட மறந்தால் அவரே போன் செய்து கேட்பார்.

ஆடிட்டருக்கும் இதில் ஒரு பலன் உண்டு. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அதை விற்றதாகவே எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். அனுப்பியது, வந்தது எல்லாவற்றையும் ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். வருஷக் கடைசியில் டெலிவரி சலான் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்கவுண்டண்ட் படும் பாடு கொஞ்சமில்லை. சலானைச் சாஃப்ட்வேரே அடித்துக் கொடுத்தால் எண்ட்ரி என்று ஒரு தனி வேலையே இல்லை. சலான் இல்லாமல் வண்டி கிளம்பாது, ஆகவே எண்ட்ரி இல்லாமலும் கிளம்பாது.

மேனேஜர் விஷயம்தான் கஷ்டம். அதற்கு சாஃப்ட்வேரில் பட்டன் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போன்களில் பாதி "லாட் எங்கே?" என்பதாக இருந்தால், அந்தப் போன்கள் நின்றுபோவது அவருக்கு ஒரு லாபம். ஆனால் வேலை போய்விடாது என்பதை முதலாளி வாயால் சொல்லி, சம்பளத்திலும் காட்டினால்தான் அவர் நம்புவார். அது மாதச் சந்தாவைவிடக் கூடுதல் செலவு. டெமோவில் யாரும் சொல்லாத செலவும்கூட.

ஆன்லைன் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். கூகுளின் ஆப் மேக்கர் இதே வகைக் கருவி, 2021 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே கடையைச் சாத்தும்போது மற்றவர்களுக்கு என்ன உத்தரவாதம்? போட்ட எண்ட்ரி எல்லாவற்றையும் எக்செல்லாக வெளியே எடுக்க முடிகிறதா என்று இலவச டிரையல் காலத்திலேயே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அந்த டிரையலையும் முழு கம்பெனிக்கும் விரிக்காமல் ஒரே ஒரு வழித்தடத்தில், உதாரணமாக சாயப்பட்டறைக்குத் துணி போய்த் திரும்பும் தடத்தில் மட்டும் ஓட்டலாம். மூன்றாவது வாரம் முதலாளியின் டாஷ்போர்டைத் திறக்காமல், சாயப்பட்டறை ஆபீசில் இருக்கும் பையனின் மொபைலை வாங்கிப் பாருங்கள். கடைசி எண்ட்ரி அன்று காலையில் போட்டதாக இருந்தால் தாராளமாகச் சந்தா கட்டலாம்.